நேற்று அரைத்தது

எங்கள் கம்பெனியின் பெயரைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் புதுச்சேரி நெல்லித்தோப்பில் மிகவும் குறைவு. சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்றைக்கு எங்கள் வாடிக்கைக்காரர்கள் என்பதால் அவர்களை மன்னித்துவிட்டேன். மீதிப் பேரையும் மன்னித்திருப்பேன், அவர்கள் வேறு கடையில் மாவு வாங்காமல் இருந்திருந்தால்.

கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வீட்டின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதில் சாய்த்து ஊற்றுகிற பெரிய கிரைண்டர்கள், அரிசியும் உளுந்தும் ஊறுகிற டிரம்கள். தெருப்பக்கம் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு மேலே பலகையில் நீல எழுத்தில் 'நேற்று அரைத்தது'. அதற்குக் கீழே சின்னதாக, இட்லி தோசை மாவு. இதற்கு இரண்டு பங்குதாரர்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி. இப்போது அவள் பாரீஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு ஊரில் இருக்கிறாள். அந்த ஊரின் பெயர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. நுழைய வேண்டாம் என்று நானே பிடிவாதமாக இருக்கிறேனோ என்னவோ.

ஓரகத்திகள் சேர்ந்து தொழில் செய்தால் எத்தனை நாள் தாங்கும் என்று வேடிக்கை பார்க்கத் தெருவே காத்திருந்தது. அதில் தப்பில்லை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைத்து, ஆளுக்கொரு பக்கம் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்தவர்கள் நாங்கள். அண்ணனும் தம்பியும் ஒரே மில்லில் வேலை பார்த்தார்கள். மில்லை மூடியபோது ஒன்றாகவே வீட்டுக்கு வந்தார்கள். என்னுடையவர் கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் வாட்ச்மேன் ஆனார். தம்பி இங்கேயே மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டையில் லோடு ஏற்றப் போனார். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது மாமியார் விட்டுப்போன கிரைண்டர் ஒன்றுதான். யார் முதலில் அரைப்பது என்று எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை. ஒருநாள் கரண்ட் போகப்போகிற அவசரத்தில் இரண்டு வீட்டு அரிசியையும் ஒன்றாகக் கொட்டி அரைத்தோம். அவளோடு முதல்முதலாக மனம்விட்டுப் பேசியது அன்றைக்குத்தான். பேசினேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி. கிரைண்டர் ஓடும்போது வேறு எப்படிப் பேசுவது? எங்கள் ரகசியம் எல்லாம் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அவள் தவளக்குப்பத்தைத் தாண்டி உள்ளே ஒரு கிராமத்தில் நெல் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். எதைப் பேசினாலும் முகத்துக்கு நேரே பேசிவிடுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் என் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று விருந்தாளிகள் முன்னால் சொன்னவள். அதை நான் வெகுகாலம் மனதில் வைத்திருந்தேன். உப்பு ஜாஸ்தியாக இருந்தது உண்மைதான், ஆனால் அதற்காகச் சொல்லிவிடுவதா?

மாவு விற்கிற யோசனை அவளுடையதுதான். அப்போது எங்கள் தெருமுனைக் கடையில் பாக்கெட் மாவு வாங்கி அவள் மகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. பாக்கெட்டில் தேதி சரியாகத்தான் ஒட்டியிருந்தது. ஈரத்தில் அந்தச் சீட்டு உரிந்தபோது அடியில் பழைய தேதியோடு இன்னொரு சீட்டு இருந்தது. அவள் கடைக்குப் போய் நின்று கத்தியதில் கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. திரும்பி வந்து என்னிடம், "எங்க வூட்ல பழய சோறப் பழய சோறுன்னு சொல்லித்தான்க்கா போடுவாங்க. ஆசையா வாங்கித் துன்னுவோம். இவுங்களுக்கு இன்னா கேடு?" என்றாள்.

தொழில் தொடங்குவது என்று முடிவானதும் பெயர் வைக்கிற பேச்சு வந்தது. நான் முருகன் பெயரைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் எங்கள் மகன் பெயரைச் சொன்னார். கொழுந்தன் தன் மகள் பெயரைச் சொல்ல வாயெடுத்து, அண்ணன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். அவள் மட்டும், சாமி பெயரையும் பிள்ளை பெயரையும் வைத்துவிட்டால் மாவு கெடாமல் இருந்துவிடுமா என்று கேட்டாள். கடைக்காரன் எதில் ஏமாற்றுகிறானோ அதையே பெயராக வைத்துவிட வேண்டும், அப்போதுதான் நாமே நினைத்தாலும் ஏமாற்ற முடியாது என்பது அவள் எண்ணம். தினமும் அந்தப் பலகைக்கு அடியில் நின்றுதானே விற்க வேண்டும்? அப்படி வந்ததுதான் எங்கள் முதல் பெயர், 'இன்று அரைத்தது'.

எல்லாருக்கும் பிடித்துப்போனது. பெயிண்ட் அடிக்க ஆள் கூப்பிடவில்லை, அவளே எழுதினாள். அவள் கையெழுத்து குண்டு குண்டாக, பார்க்க லட்சணமாக இருக்கும்.

அந்தப் பெயரில் ஒரு ஓட்டை இருந்தது. வயசுக்கு வந்த நாளிலிருந்து மாவு அரைக்கிற இரண்டு பொம்பளைகளுக்கு அது உறைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பாக வருகிறது. இன்று அரைத்த மாவில் இன்று இட்லி ஊற்ற முடியாது. ஒரு ராத்திரி முழுக்க அது புளித்துப் பொங்க வேண்டும். வீட்டில் அரைக்கும்போது நாளைக்கு என்றுதான் அரைக்கிறோம். ஆனால் கடையில் மாவு வாங்குகிறவர்கள் அப்போதே ஊற்றுவதற்குத்தானே வாங்குகிறார்கள்? நாங்கள் மத்தியானம் அரைத்து, கிரைண்டர் சூடு ஆறுவதற்குள் சாயங்காலமே அதை விற்றோம். பெயரில் அவ்வளவு விசுவாசம்.

மறுநாள் காலையில் பக்கத்துத் தெரு டீச்சரம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். ஒரு தட்டில் இட்லிகளைக் கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்தார். வைத்தபோது டொக் என்று சத்தம் கேட்டது. ஒன்றும் திட்டவில்லை. பிரெஞ்சில் நன்றி சொல்வது போல மெர்சி என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்த இட்லியையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவளுக்குத்தான் முதலில் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு வீட்டில் மாநாடு நடந்தது. என் வீட்டுக்காரர் சுலபமாக ஒரு வழி சொன்னார். பெயர் பாட்டுக்குப் பெயர் இருக்கட்டும், முதல் நாள் அரைத்துப் புளிக்கவைத்து மறுநாள் விற்போம், யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. பலகைக்குப் பெயிண்ட் வாங்கியதே இப்போதுதான். அவள் எதுவும் பேசாமல் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் எதையோ செய்யப்போகிறாள் என்று அர்த்தம். அதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

காலையில் வாசல் தெளிக்கப் போனால் இவள் ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறாள். 'இன்று' என்பதை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு 'நேற்று' என்று எழுதி முடித்திருந்தாள். நான் துடைப்பத்தோடு கீழே நின்று கத்தினேன். நேற்று அரைத்த மாவை எவனாவது காசு கொடுத்து வாங்குவானா, பைத்தியமா உனக்கு என்றேன்.

"நேத்து அரைச்சதத்தானக்கா விக்கப்போறோம். அதையே எழுதிட்டேன்" என்றாள், பிரஷ்ஷை உதறிக்கொண்டு.

தெரு சிரித்தது. சிரித்தது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. பையன்கள் சைக்கிளை நிறுத்தி உரக்கப் படித்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரரிடம் ஓட்டலில், உங்கள் வீட்டில் போன வாரச் சட்னி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். உணவு லைசென்ஸ் வாங்கப் போனபோது, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். தன் சரக்கைத் தானே குறை சொல்கிற கம்பெனியை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. இவளோ, பெயரில் எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள் சார் என்று அவருக்கே உத்தரவு போட்டாள்.

கொஞ்ச நாள் ஈ ஓட்டினோம். பிறகு அந்த டீச்சரம்மாதான் முதலில் வந்தார். பலகையை அண்ணாந்து பார்த்தார். ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அவர் மருமகள் வந்தாள், அடுத்து அந்தத் தெரு முழுக்க வந்தது. இட்லி பூ மாதிரி வருகிறது என்று சொன்னவர்களைவிட, உங்கள் பெயரைப் பார்த்தால் நம்பிக்கையாக இருக்கிறது என்று சொன்னவர்கள்தான் அதிகம். இத்தனை வெளிப்படையாகப் பேசுகிறவர்கள் மாவில் பொய் சொல்லமாட்டார்கள் என்று தோன்றியதாம். சொன்னது அவள், நல்ல பெயர் எனக்கும் சேர்த்துக் கிடைத்தது.

அதற்குப் பிறகு பெயர்தான் எங்களை வேலை வாங்கியது. முந்தாநாள் அரைத்தது மிஞ்சினால் விற்கக்கூடாது. அதை எங்கள் வீட்டிலேயே தோசையாகச் சுட்டுத் தின்றோம். என் மகன் பிளஸ் டூ முடிக்கும் வரைக்கும் ராத்திரிச் சாப்பாடு புளித்த தோசைதான், அவன் இன்றைக்கும் தோசையைக் கண்டால் எழுந்து போய்விடுகிறான். தூரத்துக்கு அனுப்பவும் முடியாது. கனகசெட்டிக்குளத்தில் ஒரு கடைக்காரர் நிறைய வாங்குவதாகச் சொன்னார். அங்கே போய்ச் சேர்ந்து, கடையில் உட்கார்ந்து, விற்று முடிவதற்குள் பெயர் பொய்யாகிவிடும் என்று இவள் மறுத்துவிட்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் பேசாமல் இருந்த நாட்களில் அவளே இரண்டு பேர் வேலையையும் செய்வாள், என் பக்கத்தில் டீயை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவாள். அந்த டீயில் சர்க்கரை சரியாக இருக்கும். எனக்கு எவ்வளவு வேண்டும் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும், என் வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் தெரியாது.

புயலடித்துக் கரண்ட் போய்விட்டால் அரைக்க முடியாது. மறுநாள் விற்க ஒன்றும் இருக்காது. அந்த நாட்களில் ஜன்னலில் ஒரு அட்டையைத் தொங்கவிடுவோம், 'நேற்று அரைக்கவில்லை' என்று. வந்தவர்கள் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவார்கள். அட்டையைக் கண்டால் உப்புமா என்று எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

கொழுந்தன் இறந்தபோது அந்த அட்டை காரியம் முடியும் வரை தொங்கியது. தொழிற்பேட்டையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார். காரியம் முடிந்தும் நான் அட்டையை எடுக்கவில்லை. அவளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. ஒரு மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தேன். கிரைண்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், இவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உளுந்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறாள். முகமெல்லாம் அழுது வீங்கியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவள் கிரைண்டர் சத்தத்துக்கு மேலே என்னிடம் கத்திக் கத்திச் சொன்னதை எல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களும் அதைப் பற்றி இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்களுக்கும் நல்ல மனசு.

அவள் மகளைச் சொல்தா குடும்பத்தில் கேட்டு வந்தார்கள். பையனின் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர், அதனால் வீட்டில் எல்லாருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி. பெண் பிரான்ஸுக்குப் போய்விடும் என்று தெரிந்துதான் கொடுத்தோம். நானும்தான் தலையாட்டினேன். பெண் போனால் போகட்டும், இவள் இங்கேதானே இருக்கப்போகிறாள் என்ற தைரியம்.

மகளுக்குப் பிரசவம் என்று இவளும் கிளம்பினாள். மூன்று மாசத்தில் வந்துவிடுவேன் என்றாள். பஸ் ஸ்டாண்டில் மீனம்பாக்கம் போகிற வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் உப்பை ஒரேயடியாகக் கொட்டுகிறாள், கவனித்துக்கொள்ளுங்கள் என்றாள். அதுதான் நேரில் அவள் கடைசியாகச் சொன்னது. நான் கையைக்கூட ஆட்டவில்லை. மூன்று மாசத்துக்கு எதற்குக் கையாட்டுவது?

மகளுக்கு உடம்பு தேற நாளாகிறது என்றார்கள். பிறகு மகள் வேலைக்குத் திரும்பிவிட்டாள், குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை என்றார்கள். பிறகு அங்கேயே தங்குவதற்குக் கார்டு கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொன்னாள். நானும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டேன். போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் கிரைண்டரைப் போட்டேன். வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேரும் நல்லவர்கள்தான். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி அரைக்கிறார்கள். கத்திப் பேச ஆள் இல்லாமல் அந்தச் சத்தத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தனிமை என்று யாரிடம் சொல்வது? வீட்டுக்காரரிடம் ஒருதரம் சொன்னேன். சத்தம் குறைந்த கிரைண்டர் வந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். பாவம், அவர் பிரியம் அவ்வளவுதான் எட்டும்.

அவள் இல்லாமல் எனக்கு ஆகவில்லை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்தவள் இல்லை, சிநேகிதியாக நானே தேடிக்கொண்டவளும் இல்லை. ஒரு வீட்டுக்கு மருமகளாக வந்த இடத்தில் வாய்த்தவள். வீட்டில் அவள் பக்கத்துக் கதவைத் தினமும் திறந்து பெருக்குகிறேன். யாரும் புழங்காத தரையில் எங்கிருந்துதான் இவ்வளவு தூசி வருகிறதோ.

இந்த நிலைமையில்தான் சென்னையிலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். எங்கள் பலகையை யாரோ படம் எடுத்துப் போட்டு, அது ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. இரண்டு பேரும் நல்ல மரியாதையான பிள்ளைகள். இட்லி கொடுத்தேன், கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒரு கம்பெனியின் கொள்கையும் லட்சியமும் பெயரிலேயே தெரிய வேண்டும், அது உங்கள் பெயரில் இருக்கிறது, இப்படி ஒரு பெயர் நாங்கள் எவ்வளவு யோசித்தாலும் கிடைக்காது என்று புகழ்ந்தார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கிரைண்டர், கொட்டகை எதுவும் அவர்களுக்கு வேண்டாம். பெயரை மட்டும் விற்றுவிடுங்கள், எல்லா ஊரிலும் பெரிய கடைகளில் குளிர்பெட்டியில் வைத்து விற்கப்போகிறோம் என்றார்கள். மாவு பத்து நாள் கெடாதாம்.

பத்தாவது நாள் வாங்குகிறவருக்கும் நேற்று அரைத்தது என்றுதான் போட்டிருக்குமா என்று கேட்டேன்.

"அது வெறும் பேருதானே மேடம்" என்றார் அவர்களில் ஒருவர். கேலியாகச் சொல்லவில்லை, எனக்குப் புரியவைக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

எழுந்து போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் இருந்திருந்தால் அவர்கள் இட்லியை முடித்திருக்கவே முடியாது. நான் சொல்லவில்லை. ஏனென்றால் அவர்கள் அடுத்ததாக, இரண்டு பங்குதாரர்களும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டதும் என் மனசு எங்கேயோ போய்விட்டது. கையெழுத்துப் போட வேண்டும் என்றால் அவள் வரவேண்டும். பங்குதாரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அவர்கள் கார் திரும்புவதற்குள் நான் வீட்டில் அவள் பக்கத்துக்குப் போய்விட்டேன். மெத்தையை வெயிலில் போட்டேன். ஃபேன் இறக்கையைத் துடைக்கச் சொன்னேன். வந்தால் ஒரு வாரமாவது இருப்பாள். வந்துவிட்டால் கொட்டகையைப் பார்ப்பாள், இந்தப் பெண்கள் உப்புப் போடுகிற அழகைப் பார்ப்பாள், அவளுக்கே இருப்புக் கொள்ளாது. பெயரை விற்கிறோமா இல்லையா என்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பெயரைக் கொடுத்தால்தான் அவளைப் பார்க்க முடியும் என்றால் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போட்ட பெயர் அது, அதை இப்படி நினைத்தோமே என்று உடனே திக்கென்றும் இருந்தது.

மறுநாள் மத்தியானம், அங்கே அவளுக்குக் காலை நேரம் என்று கணக்குப் பண்ணி, கொட்டகை வாசலில் நின்று போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். கையெழுத்துக்கு நீ வரவேண்டியிருக்கும் என்பதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன்.

"அதுக்கு வரத் தேவையில்லக்கா. இங்க தூதரகத்துல பவர் எழுதி அனுப்பிடலாம். மாப்பிள்ளைக்கு அதெல்லாம் தெரியும்" என்றாள்.

வெயிலில் போட்ட மெத்தையை உள்ளே எடுத்துவைத்துவிட்டுத்தான் போன் பண்ணியிருந்தேன். சாக்கு எல்லாம் தீர்ந்துபோனதும் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்.

"எனக்கு உன் கையெழுத்து வேணாம்டி. நீ வேணும்."

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன், அது எனக்குத் தெரியும். அப்புறம் அவள், அவர்கள் மாவை எத்தனை நாள் வைத்து விற்பார்கள் என்று கேட்டாள். பத்து நாள் என்றேன். அப்படியென்றால் பெயரை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள். பெயர்தான் அவர்களுக்கு வேண்டுமாம், மாவு இல்லையாம் என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. விற்க வேண்டாம் என்று நாங்கள் முடிவு எடுத்தது அவ்வளவுதான். முடிவு என்று ஒரு வார்த்தைகூட யாரும் சொல்லவில்லை. நாளைக்கே அவர்களுக்குப் பேசி இல்லை என்று சொல்லிவிடுகிறேன் என்றேன், உம் என்றாள்.

பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். அவள் இருக்கிற கட்டடத்தில் காரைக்கால்காரர்கள், நம் ஊர்க்காரர்கள், இலங்கைக்காரர்கள் என்று நிறையக் குடும்பங்கள் இருக்கிறார்களாம். குழந்தை தூங்குகிற நேரத்தில் அவர்களுக்கு மாவு அரைத்துக் கொடுக்கிறாளாம். முதலில் ஒரு வீட்டுக்கு, இப்போது பல வீட்டுக்கு. என்னிடம் சொல்ல என்னவோ கூச்சமாக இருந்ததாம். அங்கேயும் நேற்று அரைத்தது என்றுதான் எழுதி ஒட்டுகிறாயா என்று கேட்டேன்.

"இல்லக்கா. இங்க குளுருல ஒரு ராத்திரியில பொங்க மாட்டேங்குது. ரெண்டு நாள் ஆவுது. அதனால பேர மாத்திட்டேன்" என்றாள். சொல்லும்போதே சிரித்தாள். பொறுங்கள், படம் அனுப்புகிறேன் என்றாள்.

படம் வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சமையல் மேடையில் வெள்ளை டப்பாக்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த சீட்டில் அவளுடைய குண்டு எழுத்து: 'முந்தாநாள் அரைத்தது'.

நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். வேலை செய்கிற பெண்கள் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே போனாலும் இவளால் பொய் எழுத முடியாது என்று நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சிரித்து முடித்துவிட்டு மறுபடி பார்த்தபோதுதான் டப்பாக்கள் கண்ணில் பட்டன. எல்லாம் புதுசு. ஒரே அளவில், மூடியோடு, பின்னால் இருக்கிற சுவரே தெரியாத அளவுக்கு அடுக்கியிருந்தன. ஊருக்குத் திரும்பி வருகிறவள் இத்தனை டப்பா வாங்கமாட்டாள்.

அக்கா, இருக்கீங்களா என்றாள் போனில். எப்ப வருவ என்று கேட்பதற்குத்தான் வாயைத் திறந்தேன்.

"அங்க உளுந்து நல்லா கெடைக்குதா?" என்று கேட்டேன்.